ஏன் ராமநாதபுரம்?

“ஆய்வுக்களமாக ராமநாதபுரம் கடற்கரையைத் தேர்ந்தெடுத்த காரணம் தெளிவாக இல்லை. இங்கே கிடைத்த முடிவுகள் இந்தியா முழுமைக்கும் எப்படிப் பொருந்தும் என்று ஆசிரியர் விளக்க வேண்டும்.”

போன மாதம், ஆய்விதழ் ஒன்றுக்கு நான் அனுப்பிய கட்டுரைக்கு வந்த மதிப்பீட்டுக் குறிப்பு இது. எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவருக்கும் தெரியாது. எங்கள் தொழிலில் பெயரை மறைத்துத்தான் அனுப்புவோம், அவர்களும் பெயரை மறைத்துக்கொண்டுதான் திட்டுவார்கள். முதல் மதிப்பீட்டாளர் பெரும்பாலும் நல்ல மனிதராக இருப்பார். இரண்டாம் மதிப்பீட்டாளரைப் பற்றி உலகம் முழுக்கப் பேராசிரியர்களிடம் ஜோக்குகள் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை என்பதுதான் உறுத்துகிறது. சர்வதேச வணிகம் என்ற எங்கள் துறையின் அஸ்திவாரக் கட்டுரைகளில் ஒன்று 1975-இல் வந்தது. சான்ட்விக், அட்லஸ் காப்கோ, ஃபாசிட், வால்வோ என்று நான்கே நான்கு ஸ்வீடன் கம்பெனிகளை வைத்து எழுதியது. “ஸ்வீடன் ஏன்?” என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ராமநாதபுரம் கரையில் மண்டபம் ஊர்ப் பக்கத்து நண்டுக் கொட்டகைகளைப் பற்றி எழுதினால் மட்டும் விளக்கம் தேவைப்படுகிறது. சரி, மதிப்பீட்டாளருக்கு இரண்டு பக்கத்தில் மரியாதையாகப் பதில் அனுப்பிவிட்டேன். அங்கே எழுத இடமில்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் அதே கரையிலுள்ள கீழக்கரை. சென்னையில் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் சர்வதேச வணிகமும் உலகளாவிய வியூகமும் பாடம் எடுக்கிறேன். பிஎச்.டி. படித்தது இங்கிலாந்தில். “மகள் என்ன ஆராய்ச்சி பண்றா?” என்று யாராவது கேட்டால் உம்மா, “கம்பெனிக எப்படி வெளிநாட்டுக்குப் போகுதுன்னு படிக்கிறா” என்று சொல்வார். கீழக்கரையில் இதற்கு உடனே பதில் வரும்: “நம்ம ஊர்ல எல்லாருந்தான் வெளிநாடு போறாக. அதுக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு?”

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இதே கேள்வியைத்தான் ஸ்டீபன் ஹைமர் என்ற கனடாக்காரர் வேறு விதமாகக் கேட்டார். 1960-இல் எம்.ஐ.டி.யில் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்துதான் எங்கள் துறை தன் பிறப்பைக் கணக்கிடுகிறது. வெளியூர்க் கம்பெனிக்கு உள்ளூர்ச் சட்டம் தெரியாது, மொழி தெரியாது, ஆளும் தெரியாது. உள்ளூர்க்காரனுக்கு எல்லாம் தெரியும். அப்படி இருந்தும் வெளியூர்க்காரன் வந்து கடை விரித்து ஜெயிக்கிறான் என்றால், உள்ளூர்க்காரனிடம் இல்லாத ஏதோ ஒன்று அவன் கையில் இருக்கவேண்டும். அது என்ன? அதுவரை வெளிநாட்டு முதலீடு என்றால் வட்டி குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குப் பணம் போவது என்றுதான் பொருளாதாரக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹைமரின் ஆய்வேடு புத்தகமாக வந்தது 1976-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் கார் விபத்தில் இறந்துவிட்டார். ஹைமரிடம் திரும்பி வருவேன்.

அந்த ஸ்வீடன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். உப்சலா பல்கலைக்கழகத்து ஆட்கள் சொன்னது இதுதான்: கம்பெனி முதலில் தனக்குப் பழகிய பக்கத்து நாட்டுக்குப் போகும். அங்கே ஒரு ஏஜென்டைப் பிடிக்கும், பிறகு விற்பனைக் கிளை, பிறகு தொழிற்சாலை. அனுபவம் கூடக்கூடத் தூரத்து நாடுகளுக்கு நகரும். யோஹான்சன், வால்னே என்ற இருவர் 1977-இல் இதை ஒரு கோட்பாடாக்கினார்கள். எங்கள் துறையில் இதைப் படிக்காமல் யாரும் பட்டம் வாங்க முடியாது.

என் வாப்பாவின் பாதை வேறு. கொழும்பு புறக்கோட்டையில் சொந்தக்காரர் ஜவுளிக்கடையில் வேலை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தார். அடுத்து துபாய். ஏன் துபாய்? பக்கம் என்றா, பழகியது என்றா? அங்கே மச்சான் இருந்தார், அவ்வளவுதான். மச்சான் ஹாங்காங்கில் இருந்திருந்தால் வாப்பா ஹாங்காங் போயிருப்பார். எங்கள் தெருவில் ஹாங்காங் போன வீடுகள் உண்டு, ரத்தினக்கல் வியாபாரம். பெரிய அளவிலும் அதே கதைதான். சென்னை அண்ணா மேம்பாலத்தை 1973-இல் கட்டி முடித்த நிறுவனம் கீழக்கரை பி.எஸ்.அப்துர் ரகுமானுடையது. துபாயில் அல் குரைர் குடும்பத்தோடு கைகோத்து அவர் ஈ.டி.ஏ. என்ற நிறுவனத்தை வளர்த்தபோது, அதில் வேலைக்குப் போன எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏராளம். அங்கே முதலில் யாரைத் தெரியும் என்பதுதான் கணக்கு. எந்த நாடு என்பது அதற்குப் பிறகு வருவது.

2009-இல் அதே யோஹான்சனும் வால்னேயும் தங்கள் கோட்பாட்டைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். அந்நிய நாட்டுக்காரனாக இருப்பதைவிட, அங்குள்ள உறவு வலைக்கு வெளியே நிற்பதுதான் பெரிய தடை என்றார்கள். அதை நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, தெரியாத ஊர்க்காரனும் சோதித்துப் பார்க்கும்படி எழுதிவைப்பது சாதாரண வேலை இல்லை. எனக்குச் சம்பளம் தருவதும் அதற்காகத்தான்.

மதிப்பீட்டாளரின் கேள்விக்கு அடியில் ஒரு பழக்கம் இருக்கிறது. எங்கள் துறை எதையும் நாடுகளாகத்தான் எண்ணும். ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சுக்காரர் ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து நாட்டுக்கு நாடு பண்பாட்டு மதிப்பெண் போட்டார். அதிகார இடைவெளியில், அதாவது மேலே இருப்பவர் கையில் அதிகாரம் குவிந்திருப்பதைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதில், இந்தியாவுக்கு 77. கீழக்கரைக்கும் 77, கான்பூருக்கும் 77. 1988-இல் கோகட், சிங் என்ற இருவர் அந்த மதிப்பெண்களை ஒரே சூத்திரத்தில் போட்டு, இரண்டு நாடுகளுக்கு இடையே உள்ள பண்பாட்டுத் தூரம் இவ்வளவு என்று ஓர் எண்ணாகக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த கட்டுரைகளில் அந்த எண்ணை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று எண்ணி மாளாது. வேலை சுலபம், தரவு இலவசம். நானும் என் மாணவர்களுக்கு அந்தச் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன், தேர்வில் கேட்கிறேன்.

பங்கஜ் கெமாவத் 2001-இல் இதைக் கொஞ்சம் உடைத்தார். தூரம் ஒன்றில்லை, நான்கு என்றார்: பண்பாடு, நிர்வாகம், புவியியல், பொருளாதாரம். இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு தனுஷ்கோடியில் போய் நின்று பாருங்கள். எதிரே தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். எங்களுக்கு மதுரை அதைவிட எவ்வளவோ தூரம். அந்தக் கரையிலும் தமிழ், அதே சாப்பாடு, அதே அந்தோணியார், அதே தர்கா. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போனார்கள். போட் மெயில் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் இலங்கைப் போரோடு நின்றது. இன்று கொழும்பு போக வேண்டுமென்றால் நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதுரை விமான நிலையத்துக்குப் போகிறோம். கடல் அதே அகலம்தான். கூடியதெல்லாம் கெமாவத்தின் இரண்டாவது தூரமான நிர்வாகம்தான்.

கடலடியில் ஊரும் பிராணியான கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் இந்திய அரசு எல்லாக் கடல் அட்டை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அதாவது புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். எதிர்க்கரையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம், பண்ணை வைத்தும் வளர்க்கலாம். வாங்குகிறவர்கள் சீனாவிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒரே கடல், ஒரே பிராணி, இங்கே குற்றம், அங்கே அந்நியச் செலாவணி. மண்டபம், வேதாளை பக்கம் வாரம் தவறாமல் “கடல் அட்டை பறிமுதல்” செய்தி வருவதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. இதை வைத்து அருமையான கட்டுரை எழுதலாம். எழுத மாட்டேன். பேட்டி கொடுத்தவர் மாட்டிக்கொண்டால் நான் சென்னையில் வகுப்பெடுத்துக்கொண்டிருப்பேன், அவர் சிறையில் இருப்பார்.

அதனால்தான் நண்டுக்கு வந்தேன். நீலக்கால் நண்டு. நாட்டுப்படகில் போய் நண்டு வலை விட்டுப் பிடிப்பது. கரையில் ஏஜென்ட் எடை போடுவார். கொட்டகையில் அவித்து ஆறவைத்த பிறகு பெண்கள் உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதை எடுப்பார்கள். தலையில் தொப்பி, கையில் சின்னக் கத்தி, பக்கத்தில் ஐஸில் வைத்த டப்பாக்கள். சதை தரம் பிரிந்து கம்பெனிக்குப் போய், டின்னில் அடைத்து, பாஸ்டரைஸ் செய்து, கப்பலேறி அமெரிக்கா. அங்கே செசபீக் விரிகுடா நண்டு போதாமல் போன காலத்திலிருந்து கிராப் கேக் என்ற நண்டு வடையில் ஆசிய நண்டுதான் பெரும்பாலும்.

என் மாமா இதில் ஒரு சிறிய ஏஜென்ட். ஆகவே எனக்குக் கொட்டகையில் உட்கார இடம் கிடைத்தது. கூடவே ஒரு சிக்கலும்: ஏஜென்ட் வீட்டுப் பெண்ணிடம் கூலியைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? மாமாவுக்குச் சம்பந்தமில்லாத கொட்டகைகளாகப் பார்த்துத்தான் பேட்டி எடுத்தேன். பல்கலைக்கழகம் கொடுத்த ஒப்புதல் படிவத்தை நீட்டினால் முதல் கேள்வி, “இது எந்தக் குழு லோனு டீச்சர்?” கையெழுத்து என்றாலே அவர்களுக்குக் கடன்தான். இத்தனைக்கும் படிவத்தில் “இந்த ஆய்வினால் உங்களுக்கு எந்தப் பொருளாதார நன்மையும் இல்லை” என்று எழுதியிருக்கும். அதை வாசித்துக் காட்டியதும் ஓர் அக்கா, “அப்ப உங்களுக்கு?” என்றார். பதவி உயர்வு என்று உண்மையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டு நன்றாகவே பேசினார்கள்.

அந்த அக்காவின் கையில் ஜம்போ லம்ப் என்றால் என்ன என்று பார்த்தேன். நீச்சல் கால் உடம்போடு சேரும் இடத்தில் இருக்கும் பெரிய சதை அது, ஒரு நண்டில் இரண்டே துண்டு. உடையாமல் முழுசாக வந்தால் உச்ச விலை. விரல் கொஞ்சம் அழுத்திப் பிளந்துவிட்டால் அதே சதை அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். கூலி எடைக்கு. பேசிக்கொண்டே எடுத்தார், ஒன்றும் உடையவில்லை. தரத்தின் ஆங்கிலப் பெயரெல்லாம் அத்துப்படி. விலை மட்டும் தெரியாது. “யார் விலை வைக்கிறாங்க?” என்று கேட்டால் ஏஜென்டைக் காட்டினார். ஏஜென்ட் கம்பெனியைக் காட்டினார். தூத்துக்குடியில் கம்பெனி மேலாளரைப் பார்த்தேன், “பையர்தான் மேடம்” என்றார், அதாவது வெளிநாட்டில் வாங்குகிறவர்.

ஹைமரிடம் திரும்பி வருவேன் என்றேனே, இங்கேதான். கடைசிக் காலத்தில் அவர் மார்க்சியம் பக்கம் சாய்ந்து எழுதியவற்றில் ஒரு சித்திரம் இருக்கிறது. பன்னாட்டு நிறுவனம் உலகத்தையே தன் அலுவலகம் மாதிரி அடுக்கிவிடும். முடிவெடுப்பது சில பெருநகரங்களில் குவியும், அன்றாட வேலை மற்ற ஊர்களுக்குப் போகும். எங்கள் பாடப்புத்தகங்கள் 1960 ஹைமரைக் கொண்டாடிவிட்டு இந்த ஹைமரை அடிக்குறிப்பில் விட்டுவிடும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கம்பெனிக்குப் படகு எதுவும் சொந்தமில்லை, கொட்டகையும் சொந்தமில்லை. ஆனால் நண்டு வேறு கைக்குப் போவதில்லை. காரணம் அட்வான்ஸ். வலை வாங்க, இன்ஜின் பழுது பார்க்க, வீட்டுக் கல்யாணத்துக்கு என்று ஏஜென்ட் பணம் கொடுத்துவிடுவார். திருப்பிக் கேட்கவும் மாட்டார். பதிலுக்கு அந்தப் படகின் நண்டு அவருக்குத்தான், அவர் சொல்லும் விலைக்குத்தான். ஏஜென்டுக்குப் பணம் மேலேயிருந்து வரும். 2005-இல் ஜெரஃபி, ஹம்ஃப்ரி, ஸ்டர்ஜன் மூவரும் உலக மதிப்புச் சங்கிலிகளை, அதாவது ஒரு பொருள் பல நாட்டுக் கைகள் மாறிக் கடைசி வாங்குநரிடம் போய்ச்சேரும் வழிகளை, ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று, சின்ன சப்ளையர் பெரிய வாங்குநரிடம் சிறைப்பட்டுக் கிடப்பது. ஆனால் அவர்கள் சொல்லும் சிறையில் காவலர் வெளிநாட்டு வாங்குநர். எங்கள் கரையில் காவலர் மாமா, கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து மொய் எழுதுகிறவர். அவரிடம் கோபப்படவும் முடியாது. இந்த வித்தியாசம்தான் என் கட்டுரை. “இந்தியா” என்று ஒரே வார்த்தையில் எழுதினால் இது கண்ணுக்கே தெரியாது.

பாசியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மண்டபத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2000-களின் தொடக்கத்தில் பெப்சிகோ இங்கே கப்பாஃபைகஸ் பாசி வளர்க்க ஒப்பந்தம் போட்டது. மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பம், மகளிர் குழுக்கள், மூங்கில் மிதவை, 45 நாளில் அறுவடை. பிழிந்தெடுக்கும் கேரஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை போகும். ஊரில் அதற்குப் பெயரே பெப்சி பாசி. 2008-இல் பெப்சிகோ தொழிலை அக்வாக்ரி என்ற நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு விலகியது. வகுப்பறையில் கதை இங்கே முடிந்துவிடும், மாணவர்கள் ‘வெளியேறும் வியூகம்’ என்று எழுதி மார்க் வாங்கிவிடுவார்கள். கரையில் அதற்குப் பிறகும் நடந்தது: குருசடைத் தீவில் அந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்துவிட்டதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2013-ஐ ஒட்டிக் கடல் சூடேறிப் பாசி கூட்டமாகச் செத்து, மிதவை போட்ட பெண்கள் பலர் தொழிலை விட்டார்கள். 2023-இல் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

இந்தப் படிப்புக்கு வரலாமா என்று ஊர்ப் பிள்ளைகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். வாருங்கள், ஆனால் தெரிந்துகொண்டு வாருங்கள். ஒரு கட்டுரை அச்சாக வருடங்கள் ஆகும். என்ன எழுதினாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், எந்த இதழ் என்றுதான் கேட்பார்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள் போட்ட ஏ ஸ்டார், ஏ, பி, சி பட்டியலை வைத்துச் சென்னையில் சம்பளம் நிர்ணயமாகிறது. மாநாடுகள் நன்றாக இருக்கும், விசா கிடைத்தால். நாடுகளுக்கு இடையே மனிதர்களும் தொழிலும் தடையின்றிப் போவதைப் பற்றிய அமர்வில் நான் பேச வேண்டிய கட்டுரையை, விசா தாமதமானதால் இன்னொருவர் வாசித்தார். அப்புறம், மேலாண்மைத் துறை என்பதால் ஊரில் எல்லோரும் உங்களிடம் பங்குச்சந்தை கேட்பார்கள். தப்பிக்க வழியில்லை.

நாடு என்பதே பொய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியது. நண்டில் எங்களுக்குப் பெரிய போட்டி இந்தோனேசியா, அவர்களுக்கு அப்போது 19. இலங்கைக்கு 20. ஆக, அப்போது பாக் நீரிணையில் ஒரே நண்டு மன்னாரில் கரையேறினால் 20, மண்டபத்தில் கரையேறினால் 50. நாடு முக்கியமா என்று அந்த மாதம் மாமாவிடம் கேட்டிருந்தால் தொலைபேசியை வைத்திருப்பார். செய்தித்தாளில் முழு விவரம் வருவதற்கு முன்பே அவருக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது: விலையை இறக்கு. அவரும் படகுக்காரர்களிடம் இறக்கினார். அட்வான்ஸை மட்டும் யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு வேறு ஏஜென்டிடம் போய்விடலாம், அதுதான் காரணம் என்று அவரே சொன்னார். வரி எந்த நாட்டுக்கு எவ்வளவு என்பது வாஷிங்டனில் முடிவாகிறது. அது யார் தலையில் எவ்வளவு இறங்கும் என்பதை இந்தக் கரையின் அட்வான்ஸ் நோட்டுத்தான் முடிவு செய்கிறது.

எதிர்க்கரையிலும் இதே மாதிரி நோட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மன்னாரில் பேட்டி எடுக்க நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். படிவத்தில் ‘ஆய்வுக்குட்படும் நாடுகள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, ஊரை எழுதக் கட்டமே இல்லை. ‘இந்தியா, இலங்கை’ என்று நிரப்பியிருக்கிறேன். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.